நீலத்தலைத் தவசி தலைமுழுகிய கதை

மேலமந்தைப்பட்டிக்கு வழி கேட்டால் "நேரா போங்க" என்பார்கள். நேராகப் போனால் ஒரு கிணறு வரும். அந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேர் நீச்சல் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

அந்த ஊரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பேண்ட் செட் வைத்திருந்தார்கள். தவசி கிளாரினெட், மொக்கராசு பெரிய ட்ரம், காசிமாயன் ஜால்ரா. பக்கத்து ஊர் பேண்ட் செட் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது, "நாம ஒரு படி மேல போகணும்" என்றான் காசிமாயன். சட்டைக்கு மேலே என்ன இருக்கிறது? தலைதானே. மூவரும் தலைமுடிக்கு நீலச் சாயம் அடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கோலத்தில் தவசி வாசித்துக்கொண்டு போனதைக் கீழமந்தைப்பட்டிச் செவ்வந்தி பார்த்துவிட்டாள். "கட்டுனா அந்த நீலத்தலைக்காரரத்தான் கட்டுவேன்" என்று வீட்டில் ஒரே பிடியாக நின்றாள். தவசிக்கு முப்பத்தைந்து வயது. அதுவரை எந்தப் பெண்ணும் அவனிடம் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. ஐந்து வாரத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அன்று சாயங்காலமே தவசி கண்ணாடியைப் பார்த்தான். காதோரத்தில் நீலம் மங்கத் தொடங்கியிருந்தது. நீலம் போனால் செவ்வந்தியும் போய்விடுவாளே!

மூவரும் சாயம் அடித்துவிட்ட ரெஜினா அக்காவின் பியூட்டி பார்லருக்கு ஓடினார்கள். பாவம் அந்த அக்கா, யாருக்கோ புருவம் திருத்திக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"வெயில்ல தலை காட்டாதீங்க. பச்சத் தண்ணியிலதான் அலசணும். நெறம் மங்குனா இந்த டப்பாவுல இருக்கறத லேசாத் தொட்டுக்கங்க. முக்கியமா, வாரம் ஒரு தடவதான் தலைமுழுகணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

கோயில் மந்திரம்போல் இதை முணுமுணுத்துக்கொண்டே ஊர் திரும்பினார்கள்.

"தலையத்தானே காட்டக் கூடாதுன்னாங்க? மத்ததெல்லாம் தாராளமாக் காட்டலாம்" என்று காசிமாயன் தெளிவுபடுத்தினான். தவசி ஓர் ஈயக் குண்டானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். மொக்கராசு தன் ட்ரம்மில் ஓட்டை போட்டுத் தலையை உள்ளே விட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தான். அதன்பிறகு இரண்டு நாளைக்கு அவனிடம் யார் எதைப் பேசினாலும் "கல்யாணத்துக்கா, காதுகுத்துக்கா?" என்றே கேட்டான்.

பச்சைத் தண்ணீருக்கு அலைய வேண்டியிருந்தது. குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார்கள். நிறமே இல்லை. கிணற்றுத் தண்ணீர் கறுப்பாக இருந்தது. கடைசியில் ஊருக்கு வெளியே பாசி பிடித்துக் கிடந்த ஊரணிதான் கைகொடுத்தது.

"இது பச்சையா, கரும்பச்சையா?" என்று மொக்கராசு சந்தேகப்பட்டான்.

"அக்கா வெறும் பச்சைன்னுதான் சொன்னாங்க. ஓரமா மோந்துக்க" என்றான் காசிமாயன்.

தவசி அலசிவிட்டு எழுந்தபோது தலையில் இரண்டு தலைப்பிரட்டைகள் இருந்தன. அவற்றுக்கும் நீலம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப விட்டான்.

டப்பாவைத் திறந்தபோதுதான் பெரிய விவாதம் வந்தது. தொட்டுக்கொள்ளச் சொன்னாளே தவிர, எதற்குத் தொட்டுக்கொள்வது என்று அக்கா சொல்லவில்லை.

"தோசைக்குன்னா அவுகளே சொல்லிருப்பாங்க" என்றான் மொக்கராசு. "இட்டிலிக்குத்தான் எல்லாமே ஒத்துவரும்."

"லேசா! லேசாத்தான் தொடணும்!" என்று தவசி பதறினான்.

ஒரு வாய் வைத்ததும் மூவரும் வாசலுக்கு ஓடித் துப்பினார்கள். நாக்கு மூன்று நாளைக்கு நீலமாகவே இருந்தது. முடி மங்கிக்கொண்டே வந்தது.

எதையும் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ளும் இந்த மகான்கள், நான்காவது கட்டளையை மட்டும் ஊர் பேசுகிறபடி எடுத்துக்கொண்டார்கள். விதி என்றால் அதுதான்.

"தலைமுழுகணும்னா, யாரை?" என்று கேட்டான் தவசி.

"பேரு சொல்லல. ஒன் இஷ்டத்துக்கு விட்டுட்டாங்க" என்றான் காசிமாயன்.

முதல் வாரம் தவசி சித்தப்பா வீட்டுக்குப் போனான். "சித்தப்பா, இன்னையோட ஒங்களத் தலைமுழுகுறேன்."

சித்தப்பா சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார். "நான் என்னடா பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. முடிக்காகத்தான்."

அவர் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்தார். "நமக்குத்தான் குடுத்துவைக்கல. நீயாச்சும் நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

இரண்டாம் வாரம் தாய்மாமன். அவருக்கு ரோஷம் வந்து, மாப்பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டு வேட்டியைத் தானே கட்டிக்கொண்டு ஆடு மேய்க்கப் போய்விட்டார். மூன்றாம் வாரம் கூடப்பிறந்த அக்கா. அவள் அழுதாள், அழுதுகொண்டே குழம்பு ஊற்றினாள். தலைமுழுகிய வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதால் தவசி ஸ்பூனால் சாப்பிட்டான். நான்காம் வாரம் வேறு ஆள் இல்லாமல், மொக்கராசுவையும் காசிமாயனையும் ஒரே செட் என்று கணக்கு வைத்துச் சேர்த்தே தலைமுழுகினான்.

ஐந்தாம் வாரம், கல்யாணத்துக்கு முதல் நாள் வியாழக்கிழமை, தவசி தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தான். மொக்கராசுவும் காசிமாயனும் வந்து அவனுக்கு முதுகைக் காட்டி ட்ரம்மைப் பார்த்து உட்கார்ந்தார்கள். தலைமுழுகப்பட்டவர்கள் அவனோடு பேசக் கூடாதல்லவா?

"ட்ரம்மே, தவசிக்கு இன்னம் யாரு பாக்கி?" என்றான் காசிமாயன்.

"ட்ரம்மே, செவ்வந்தி மட்டுந்தான் பாக்கி" என்றான் மொக்கராசு.

தவசி துள்ளி எழுந்தான். "இந்த வாரம் மட்டும் முழுகாம இருந்துட்டா என்ன?"

"ட்ரம்மே, ஆம்பளப்பய முழுகாம இருக்கான்னு தெரிஞ்சா ஊரு சும்மா விடுமா?" என்றான் காசிமாயன்.

இருவரும் திரும்பித் தவசியின் வயிற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் ட்ரம்மைப் பார்த்துக்கொண்டார்கள்.

தலைமுழுகினால் அவள் இல்லை. முழுகாவிட்டால் நீலம் இல்லை. நீலம் இல்லாவிட்டாலும் அவள் இல்லை. உச்சிவெயிலில் குண்டானோடு கீழமந்தைப்பட்டிக்கு நடந்தான் தவசி. வழியெல்லாம் அழுதான். குண்டானுக்குள் அழுதால் இரண்டு பேர் அழுவதுபோல் கேட்கும். அது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

செவ்வந்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஒன்னையக் கட்டிக்கிறதுக்காக ஒன்னையத் தலைமுழுக வந்துருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தவசி தேம்பினான். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். ஒன்று சொல்ல வேண்டும்: கீழமந்தைப்பட்டிக்காரர்களும் அதே ஊரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள்தான். செவ்வந்தி சிரிக்கவில்லை. கீரை முழுவதும் உருவி முடிக்கிறவரை யோசித்தாள்.

"வாரம் ஒரு தடவ தலைமுழுகணும்னாங்க, சரி. வாரம் ஒரு தடவ தாலி கட்டக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

தவசி குண்டானுக்குள் வெகுநேரம் நினைவுபடுத்திப் பார்த்தான். "சொல்லல."

"அப்பறமென்ன? வியாழக்கெழம முழுகுங்க, வெள்ளிக்கெழம கட்டுங்க" என்றாள் செவ்வந்தி. தவசிக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிட்டான்.

இதுவரை அவர்களுக்கு நாற்பத்தொரு கல்யாணம் ஆகிவிட்டது. நீலம் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை, குண்டானைக் கழற்றினால்தானே! ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை தலைமுழுகியபின் அவள் யாரோ, அவன் யாரோ. ஆகவே வெள்ளிக்கிழமை தவறாமல் பெண் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமையும் செவ்வந்தி புடவை மாற்றிக்கொண்டு, தட்டில் சொஜ்ஜி பஜ்ஜி கொண்டுவந்து வைத்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். தவசி சாப்பிட்டு முடித்து, மாப்பிள்ளை வீட்டு மிடுக்கோடு, "வீட்டுக்குப் போயிக் கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்புறோம்" என்று எழுந்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனான். போவதற்கு வேறு வீடு கிடையாது. திரும்பி வந்து, அடுப்படியில் பஜ்ஜிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த செவ்வந்தியிடம் கேட்டான்.

"பொண்ணப் பத்தி நீ என்ன நெனைக்கிற?"

செவ்வந்தி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தங்கமான பொண்ணு. வேற எடம் வந்துரப் போகுது, இன்னைக்கே பேசி முடிச்சிருங்க."