நாரைக்கு ஒரு முகவரி

வேதாரண்யத்துக்குப் பக்கத்தில், உப்பளங்கள் முடிகிற இடத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. அங்கே விக்கிரகம் எதுவும் கிடையாது. குரல்கள் இருந்தன. மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுகளைக் கரை கரையாகப் போய்ப் பதிவு செய்து, யாரும் எங்கிருந்தும் கேட்கும்படி இணையத்தில் வைப்பதுதான் அந்த மடத்தின் வழிபாடு. தலைவியின் பெயர் மெய்யம்மை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. எல்லாரும் அவரை அம்மை என்று அழைத்தார்கள்.

அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் வைரக்கண்ணு. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவு எண் அழிந்துபோன வீட்டுக்கும் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என்று அவருக்கு ஊரில் பேர் இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மனைவி காலமான பிறகு மடத்துக்கு வந்தார். கணினியை அம்மையிடம்தான் கற்றுக்கொண்டார்.

மடத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பாட்டும் பதிவானவுடன் அம்மை அதற்கு ஒரு பெயர் வைப்பார். உள்ளான், கடற்காகம், ஆலா என்று பெரும்பாலும் பறவைப் பெயர்கள். ஒரு பாட்டுக்கு வைத்த பெயரை இன்னொன்றுக்கு வைக்க மாட்டார். பாட்டு தொலைந்தே போனாலும் வைக்க மாட்டார்.

வைரக்கண்ணுவுக்கு இது வீண் வேலையாகப் பட்டது. ஒரு நாள் காலையில் கேட்டுவிட்டார்.

"அம்மை, ஒவ்வொரு பாட்டுக்கும் இணையத்தில் ஒரு முகவரி இருக்கிறது. அதைத் தட்டினால் பாட்டு வருகிறது. அப்புறம் பெயர் எதற்கு?"

"முகவரி எதைச் சொல்கிறது?"

"பாட்டைச் சொல்கிறது."

"அப்படியா?" என்றார் அம்மை.

வைரக்கண்ணு விடவில்லை. "இங்கே வந்த பொறியாளர் யூ.ஆர்.எல். என்றார், யூ.ஆர்.என். என்றார், யூ.ஆர்.ஐ. என்றார். முதலாவது இருப்பிடமாம், அடுத்தது பெயராம், மூன்றாவது அடையாளமாம். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிகிறது."

"நீங்கள் வேலை பார்த்த ஊரில், ஒருவரைத் தேடிப் போனால் எப்படி விசாரிப்பீர்கள்?"

"சிலரைப் பேர் சொல்லி விசாரிப்பேன். சிலரை, ரைஸ்மில்லுக்கு எதிர்வீட்டுக்காரர் என்பேன்."

"எதிரில் நிற்பவருக்கு யாரென்று புரிந்துவிடுமா?"

"இரண்டிலும் புரியும்."

"புரிய வைக்கிற எதுவும் அடையாளம்தான் ஐயா. அதில் ஒரு வகை பெயர். ஒரு வகை இருப்பிடம்."

"எதைச் சொன்னாலும் புரிகிறதென்றால் ஒன்று போதாதா?"

அம்மை ஒலிவாங்கியின் கம்பியைச் சுற்றி எடுத்துவைத்தார். பிறகு, "பாட்டுகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களே, செய்யுங்கள். பெயர்களை மட்டும் தொடாதீர்கள்" என்றார்.

வைரக்கண்ணு உற்சாகமாக இறங்கினார். பாட்டுகள் வந்த வரிசையில் கிடந்தன. முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு என்றுதான் முகவரிகள் இருந்தன. ஒரே ஊர்ப் பாட்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருந்தன. அவர் கரையை வடக்கிலிருந்து தெற்காகப் பிடித்தார். ஊர் ஊராகச் சேர்த்து அடுக்கினார். முதல் இடத்தில் வடகோடி ஊரின் பாட்டு வந்து உட்கார்ந்தது. மற்றவை ஒவ்வொன்றாக நகர்ந்தன. வேலை முடிந்தபோது, நேராகப் போடப்பட்ட தெருவைப் பார்ப்பதுபோல் அவருக்கு நிறைவாக இருந்தது.

அந்த வாரமே ஒரு பெண் வந்தாள்.

அம்மை பதிவுக்காக வெளியூர் போயிருந்தார். வந்தவள் மத்தியான வெயிலில் பஸ்ஸைவிட்டு இறங்கி, உப்பள வரப்பில் நடந்தே வந்திருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கையில் ஒரு பழைய கைப்பேசி. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"இங்க யாரு பெரியவங்க?"

"அம்மை வெளியே போயிருக்கிறார். என்னிடம் சொல்லலாம். உட்காருங்கள்."

"உக்கார வரல. என் வூட்டுக்காரர எங்க அனுப்பிட்டீங்க?"

வைரக்கண்ணுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கைப்பேசியை நீட்டினாள். எப்போதோ யாரோ அனுப்பிக்கொடுத்த முகவரி அதில் இருந்தது. அவள் விரல் வைத்தாள். பாட்டு வந்தது. கனத்த குரல் ஒன்று அடியெடுத்துக் கொடுக்க, பத்துப் பேர் அதை வாங்கிப் பாடினார்கள்.

"நன்றாகத்தானே பாடுகிறது அம்மா? முகவரி சரியாக இருக்கிறது. திறக்கிறது."

"தொறக்குது. அவரு இல்ல."

அவள் பெயர் காத்தாயி. கணவன் அஞ்சப்பன். இரண்டு வருடத்துக்கு முன்னால் கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. பலகை ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. அதற்கு முந்தைய கோடையில் மடத்துக்காரர்கள் வந்து பிடித்துப்போன பாட்டில் அவன் குரல் இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. தினமும் விளக்கேற்றிய பிறகு அதைக் கேட்டுவிட்டுத்தான் உலை வைப்பாள். நாலு நாளாக அதே இடத்தில் வேறு ஒருவன் பாடுகிறான்.

"மொத நாளு செல்லு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். பக்கத்து வூட்டு செல்லுலயும் போட்டுப் பாத்தேன். அதுலயும் அந்த ஆளுதான்" என்றாள். "அவரு இருந்த எடத்துல வேற ஆளக் குடிவைக்க உங்களுக்கு எப்புடி ஐயா மனசு வந்துச்சு?"

வைரக்கண்ணு கணினியை முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் எதையும் அழிக்கவில்லை. பாட்டு உள்ளேதான் எங்கோ இருக்கிறது; பழைய வரிசையை மட்டும் அவர் குறித்துவைக்கவில்லை. அவள் ஊர்ப் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். காத்தாயி தலையை அசைத்துக்கொண்டே வந்தாள். இது இல்லை. இதுவும் இல்லை. அந்த ஊரில் பிடித்த பாட்டு எல்லாம் தீர்ந்துவிட்டது.

"வேறு ஊருக்குப் போய்ப் பாடினாரா?"

"கோடையில மீனு எங்க படுதோ அந்தக் கரையில இருப்பாங்க. எந்தக் கரையில வச்சுப் பாடுனாருன்னு நான் கண்டனா?"

அஞ்சப்பன் என்று தேடிப் பார்த்தார். நாலைந்து அஞ்சப்பன்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரும் அவன் இல்லை. பல பதிவுகளில் பாடியவர்களின் பேரே இல்லை. வலை இழுக்கிற கூட்டத்தில் யார் யார் என்று யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? அவள் ஊர் இருந்த தெற்குக் கரை முழுக்கப் போட ஆரம்பித்தார். புதிய பாட்டு ஒவ்வொன்று தொடங்கும்போதும் காத்தாயி முன்னால் குனிந்தாள். பிறகு பின்னால் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க வைரக்கண்ணுவால் முடியவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் அம்மை வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே யார் என்று பார்த்தார். வைரக்கண்ணு எழுந்து நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

அம்மை காத்தாயியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாட்டுப் பிடித்த அன்றைக்கு அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு வந்தோமே. அவர் வீட்டில் சொன்னாரா?"

காத்தாயி யோசித்தாள். அவள் முகம் மாறியது.

"சொன்னாரு. நாரை. அன்னிக்கு ராத்திரி சாப்புடும்போது சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. 'என் தொண்டைக்குக் காக்கான்னு வச்சிருந்தாலும் ஞாயம், நாரைன்னு வச்சிருக்காங்கடி'ன்னாரு."

அம்மை வைரக்கண்ணுவைப் பார்த்தார். அவர் கணினி முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லை எழுதினார். தேவையில்லை என்று நினைத்து இதுவரை அவர் தொடாத வழி அது. பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயருக்குரியது இப்போது எங்கே இருக்கிறது என்று கணினியே போய்ப் பார்த்துவிட்டு வரும். போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அவர் வடக்கே கொண்டுபோய் அடுக்கியிருந்த ஊர்களின் நடுவில் இருந்தது நாரை.

கரகரத்த குரல் ஒன்று எழுந்தது. முதல் அடியிலேயே லேசாகப் பிசிறியது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள்.

காத்தாயி அழவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டு முடிகிறவரை நேராக உட்கார்ந்திருந்தாள்.

"இவருதான்" என்றாள்.

பாட்டையே அவள் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தார்கள். கடைசி பஸ்ஸுக்கு வைரக்கண்ணுவே வரப்பு வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் மன்னிப்புக் கேட்டார். அது காதில் விழுந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"என்னிய மாதிரி வேற யாராச்சும் இருப்பாங்க ஐயா. எல்லாராலயும் பஸ்ஸேறி வர முடியாது."

மறுநாள் வைரக்கண்ணு சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. இந்த வேலை அவருக்குத் தெரிந்த வேலை. வீடு மாறிப் போனவருக்குப் பழைய முகவரியில் கடிதம் வந்தால், புது முகவரியை எழுதி அங்கே அனுப்பிவைப்பார்கள். வாழ்நாளெல்லாம் செய்தது. ஊர்வாரியாக அடுக்கியவற்றுக்கு வேறு புது முகவரிகள் கொடுத்தார். பழைய முகவரிகளில் வந்து உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் எழுப்பினார். அம்மை தன் நோட்டில் எழுதிவைத்திருந்த பழைய வரிசையைப் பார்த்து, அங்கே ஒவ்வொன்றிலும், முன்பு இருந்தவர் இப்போது எங்கே போயிருக்கிறார் என்று வழி எழுதி வைத்தார். பழைய வாசலைத் தட்டுகிறவர் தானாகவே புது வாசலுக்குப் போய்ச் சேர்வார். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். எல்லாம் சேர்ந்தன.

அதன் பிறகே அம்மையிடம் போனார். அம்மை கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"வழி போட்டு முடித்துவிட்டேன் அம்மை. இனி யாருக்கும் தவறாது."

"நல்லது."

"காத்தாயி இன்றைக்குப் பழைய முகவரியைத் தட்டினாலும் நாரைதான் வரும்."

"நல்லது ஐயா."

அவர் போகாமல் நின்றார். அம்மை வாளியை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"நான் பிடிவாதத்துக்குக் கேட்கவில்லை. நேற்றுப் பெயர்தான் காப்பாற்றியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுகூட, இருக்கிற இடத்தைக் காட்டியதால்தானே காப்பாற்றியது? இடம் தெரியாவிட்டால் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இப்போது எல்லா இடத்துக்கும் வழி போட்டாயிற்று. எது எங்கே போனாலும் இனிக் கண்டுபிடித்துவிடலாம். இதற்குமேல் பெயர் எதற்கு என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை."

உப்பளத்துக்கு அப்பால் கடல் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

"அஞ்சப்பன் எங்கே இருக்கிறார்?"

வைரக்கண்ணு திரும்பி அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார்.

"தெரியாது அம்மை. யாருக்கும் தெரியாது."

"எவர் இருக்கும் இடம் தெரியாது?"

வைரக்கண்ணு சொல்வதற்கு வாயைத் திறந்தார். நாவில் வந்து நின்றது, முகவரி ஏதுமில்லாத அந்தப் பெயர் மட்டும்தான்.