கமழ்சடைநாதருக்கு வாசத்தைலம் ஆட்டிய ஐயாறனார்

காவிரியின் கிளையாறு ஒன்று வளைந்து திரும்பும் இடத்தில் பூங்கமழூர் என்றொரு சிவத்தலம். அவ்வூர் வாணியர் தெருவின் கோடியில், செக்கு ஆட்டிப் பிழைத்தவர் ஐயாறனார் என்னும் அடியார். மாடு இறந்தபின் இன்னொன்று வாங்க வழியின்றி, நுகத்தடியில் தம் தோளையே கொடுத்துச் செக்கைச் சுற்றினார். ஊராருக்கு எண்ணெய் ஆட்டிய நேரம் போக மற்ற நேரமெல்லாம், அவ்வூர் இறைவராகிய கமழ்சடைநாதரின் திருமுடிக்கு வாசத்தைலம் ஆக்குவதிலேயே அவருக்குக் கழிந்தது.

அந்தத் தைலம் உருவாவதைக் காண்பதே ஓர் இன்பம். தோல் நீக்கிய எள்ளைப் பரப்பி, அந்தியில் பறித்த மல்லிகை மொட்டுகளை அதன்மேல் இடுவார். மொட்டுகள் எள்ளின் மேலேயே மலரும். மணம் முழுவதையும் எள் குடித்துவிடும். வாடிய பூவை நீக்கிப் புதுப்பூ இடுவார். எள்ளை அள்ளி முகர்ந்தால் மல்லிகைப் பந்தலின் கீழ் நிற்பது போலிருக்கும்வரை ஓயமாட்டார். பிறகு ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே செக்கில் ஆட்டி, அந்த எண்ணெயில் வெட்டிவேரும் அகிலும் அரைத்த சந்தனமும் சேர்த்து இளந்தீயில் காய்ச்சுவார். ஆறி வரும்போது மகிழம்பூவும் பச்சைக் கற்பூரமும் சேரும். மூடியைத் திறக்கும் அந்தக் கணத்துக்காகவே உயிர் வாழ்பவர் போல, முகர்ந்ததும் குதிப்பார், பாடுவார்.

"செக்கு மேல இடிச்சுக்கப் போறீங்க, பாத்து!" என்று அவர் மனைவியார் நல்லமங்கையார் சிரிப்பார்.

ஒரு மார்கழியில் ஐயாறனாருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. பல நாள் நினைவின்றிக் கிடந்து எழுந்தவர், கஞ்சியை வாயருகே கொண்டு சென்று திகைத்தார். எழுந்து ஓடிச் சந்தனத்தை எடுத்தார், அகிலை எடுத்தார், கற்பூரத்தைக் கசக்கினார். எதிலும் வாசம் இல்லை.

"மங்கை, எனக்கு ஒண்ணுமே தெரியலையே! எல்லாம் தண்ணி மாதிரி இருக்கே!"

நல்லமங்கையார் அழுதார். ஐயாறனாரோ மெல்லச் சொன்னார்: "நான் மோந்து பாக்கவா தைலம் செஞ்சேன்? மோக்கறவரு கோயில்ல நல்லாத்தானே இருக்காரு."

செய்தி ஊரெங்கும் பரவியது. தெருவில் அவர் தலை தெரிந்தால், சிலர் சாணத்தை நீட்டி, "இது என்ன பூ, சொல்லுங்க பாப்போம்!" என்று கேலி செய்தனர். கோயில் கண்காணியாரான மாறன் அரையர் அவரை அழைத்தார்.

"ஐயாறா, மூக்கு செத்தவன் கையில சாமி காரியத்தை எப்படிய்யா விடறது? கடல் வணிகர் ஒருத்தர் கஸ்தூரி போட்ட தைலம் தர்றேங்கிறார். பங்குனி உத்திரத்தன்னிக்கு நீயும் கொண்டா. எது மணக்குதோ அதுதான் சாமிக்கு. தோத்தா இனிமே இந்தப் பக்கம் தைலம்னு வரக்கூடாது."

"அப்படியே ஆகட்டுங்க" என்று வணங்கி வந்தார் அடியார்.

பங்குனி பிறந்தது. மல்லிகை பூக்கும் நேரம் பார்த்துப் பருவம் தப்பிய மழை கொட்டியது. மொட்டுகள் கொடியிலேயே நனைந்து ஊறின. ஐயாறனார் ஒவ்வொன்றாகத் துணியில் ஒற்றி எடுத்து எள்ளில் இட்டார். தோள் கன்றச் செக்கைச் சுற்றினார். காய்ச்சி முடித்து மூடியைத் திறந்து, மனைவியார் முன் நீட்டினார்.

நல்லமங்கையார் முகர்ந்தார். மீண்டும் முகர்ந்தார். "வாசமே வரலைங்க" என்று மூடியைத் திரும்ப வைத்தார். "போகாதீங்க. எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவருக்குன்னு செஞ்சதை வீட்டுல வச்சுக்க எனக்கு மனசு வரலை" என்று குடத்தைத் தலையில் ஏற்றினார். நல்லமங்கையாரும் உடன் நடந்தார்.

உத்திரத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. வணிகரின் வெள்ளிக் குடம் திறந்ததுமே கஸ்தூரி மணம் கமழ்ந்தது, கூட்டம் தலையசைத்தது. அடுத்து ஐயாறனாரின் மண்குடத்தை அரையர் முகர்ந்து, "இது தாளிக்கத்தான் ஆகும்!" என்றார். மண்டபமே அதிரச் சிரித்தது.

ஐயாறனார் சினக்கவில்லை. அர்ச்சகரை நோக்கிக் கை கூப்பினார். "தோத்துட்டேன், சாமி. எனக்கும் மணக்கலை, இவங்களுக்கும் மணக்கலை. ஆனா ஆட்டுனது அவரு பேரைச் சொல்லி. ஆவுடையார் ஓரமா ஒரு துளி, ஒரே ஒரு துளி விடுங்க. அப்புறம் போயிடறேன்."

அர்ச்சகர் மனம் இளகினார். விரலில் தொட்டு உள்ளே சென்று, இலிங்கத்தின் பீடமாகிய ஆவுடையாரின் விளிம்பில் தடவினார்.

அப்போது எழுந்தது ஒரு மணம்! கருவறை நிறைந்தது, மண்டபம் நிறைந்தது, கோபுர வாயிலைக் கடந்து தேரோடும் வீதியில் பாய்ந்தது! குளத்தில் குளித்தவர்கள் ஈரத்துணியோடு ஓடி வந்தனர். கட்டியிருந்த பசுக்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு கோயில் பக்கம் திரும்பின. தேனீக்கள் திரள்திரளாக வந்து விமானத்தை மொய்த்தன. சிரித்தவர்கள் கை கூப்பினர். அரையரின் கண்களில் நீர் வழிந்தது. "சிவ சிவா!" என்ற முழக்கம் வானை எட்டியது.

அவ்வளவு பேருக்கும் மணந்தது, ஐயாறனார் ஒருவருக்குத் தவிர. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்.

கருவறையிலிருந்து குரல் ஒன்று எழுந்தது: "ஐயாறா! எமக்காகத் தோள் தேய்ந்தவனே! வேண்டுவது கேள்."

அடியார் விழுந்து வணங்கிக் கேட்டார்: "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, சாமி. மல்லிகை தூக்கலா இருக்கா, சந்தனம் தூக்கலா இருக்கா?"

இறைவர் நகைத்த ஒலியை ஊரே கேட்டது. "எம்மைக் கேட்பானேன்? நீயே வந்து முகர்ந்து பார்."

அர்ச்சகர் விலகி வழிவிட்டார். ஐயாறனார் ஆவுடையாரைத் தழுவிக் குனிந்து, மூச்சை இழுத்தார். தாம் இட்ட பொருள் அத்தனையின் மணமும் அதில் இருந்தது. தாம் இடாத ஒன்றும் இருந்தது. அதற்கு இன்னதென்று பெயர் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. வாயிலில் நின்ற நல்லமங்கையாரைத் திரும்பிப் பார்த்து, குழந்தையைப் போல அழுதார், உடனே சிரித்தார். இறைவர் திருமுடியிலிருந்த கொன்றை மாலை நழுவி அவர் கழுத்தில் விழுந்தது.

தமக்கு எட்டாத மணத்தையும் தம் பெருமானுக்கென்றே உழைத்துக் கொடுத்த ஐயாறனாரின் அன்பு, எந்நாளும் வாடாது கமழ்வதாகுக.