கப்பாவுக்குக் குனியாத கிசா

கேளுங்கள், பெரியவர்களே, சின்னவர்களே. நடுவில் குறுக்குக் கேள்வி கேட்கவும் அனுமதி உண்டு.

முன்னொரு காலத்தில், கடல் தாண்டிய ஜப்பான் தேசத்தில், ஒரு மலையடிவாரத்தில் நாற்பது வீடுகள் கொண்ட ஓர் ஊர் இருந்தது. அங்கே வணக்கம் என்றால் கை கூப்புவது இல்லை. இடுப்பை வளைத்துக் குனிவது. அந்த ஊர்க்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குக் குனிவார்கள், பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டுக்கும் குனிவார்கள்.

ஊர் ஆற்றில் ஒரு கப்பா வாழ்ந்தது. கப்பா என்றால் நீர்ப்பூதம். ஆமை முதுகு, தவளைக் கால், பச்சைத் தோல். உச்சந்தலையில் கிண்ணம் போல ஒரு குழி, குழி நிறையத் தண்ணீர். அதன் பலமெல்லாம் அந்தத் தண்ணீரில்தான். வயலுக்கு ஆற்று நீரைக் காத்துக் கொடுப்பது அதன் வேலை. மரியாதை தெரிந்த பூதம். யாராவது குனிந்தால் பதிலுக்குக் குனியாமல் அதனால் இருக்கவே முடியாது.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்குமே? ஊராருக்குத்தான் புரியவில்லை.

காலையில் நாற்பது வீட்டுக்காரர்களும் ஆற்றங்கரைக்கு வந்து கப்பாவுக்குக் குனிவார்கள். மதியம் குனிவார்கள். மாலையில் குனிவார்கள். குனியாதவள் ஒருத்திதான், கிசா. நாற்று நடுகிற பெண். "யாருக்குக் குனிய வேண்டும்? எதற்குக் குனிய வேண்டும்? எத்தனை தடவை குனிய வேண்டும்?" என்று கேட்பாள். பதில் சொல்லத் தெரியாதவர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். எவ்வளவு சுலபமான வேலை, பாருங்கள்!

ஒரு நாள் கப்பா காணாமல் போயிற்று. ஆறு புறப்படும் மலைச்சுனைக்கு ஏறிப் போய், சுனையின் வாயில் தன் ஆமை முதுகை வைத்து அடைத்து உட்கார்ந்துகொண்டது. ஆறு நின்றது. நாற்று வாடிப் பழுத்தது.

"போதுமான மரியாதை இல்லை. அதுதான் கோபம்," என்றார் ஊர்த்தலைவர் சகுபே.

முதலில் அவரே மலை ஏறினார். மூக்கு முட்டியைத் தொடக் குனிந்தார். கப்பா பதிலுக்குக் குனிந்து தண்ணீரைச் சிந்திவிட்டு, இன்னும் இறுக்கமாக உட்கார்ந்தது. அடுத்துக் கோயில் பூசாரி போனார். நெற்றி தரையைத் தொடக் குனிந்தார். கப்பா பதிலுக்குக் குனிந்தபடியே உறுமியது. மூன்றாவதாக ஒரு போர்வீரர் போனார். குப்புறப் படுத்தே விட்டார். கப்பா அவருக்கும் ஒரு தடவை குனிந்துவிட்டு, அவர் மேல் சேற்றை வாரி அடித்தது.

மூவரும் திரும்பி வந்து ஒரே முடிவுக்கு வந்தார்கள்: தப்பு கிசாவுடையது.

"நீ குனியாததால்தான் இந்தக் கதி. ஏழு நாளில் தண்ணீரோடு வா. இல்லாவிட்டால் நீயும் உன் அம்மாவும் மூட்டை கட்டுங்கள்," என்றார் சகுபே.

"நாற்பது வீடு குனிந்தும் அது ஓடிப்போயிற்று, தலைவரே. குனியாத ஒருத்தியால் ஓடியதா, குனிந்த மற்றவர்களாலா?" என்று கேட்டாள் கிசா.

"பார், திமிரை!" என்றார் சகுபே.

கிசா மலை ஏறினாள். முள் கிழித்தது, கல் தடுக்கியது, வழிநெடுக வாய் மட்டும் திட்டிக்கொண்டே வந்தது. சுனையை அடைந்ததும் நிமிர்ந்து நின்று கேட்டாள்:

"ஏய், உனக்கு என்னதான் பிரச்சினை?"

கப்பா கண்ணைக் கொட்டியது. "நீ... குனியப் போவதில்லையா?"

"இல்லை."

"சத்தியமாக?"

"அட, இல்லை என்கிறேனே!"

கப்பா பெருமூச்சு விட்டது. "அம்மா, தாயே! அவர்கள் குனிந்தால் நானும் குனிய வேண்டும். குனிந்தால் தலைத் தண்ணீர் கொட்டும். கொட்டினால் தலை சுற்றும், ஒவ்வொரு தடவையும் மொண்டு நிரப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றிருபது தடவை!"

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல வாயெடுத்தால் மறுபடி குனிகிறார்களே! பயபக்தியாகக் கேட்கிறார்களாம்."

சொன்ன பிறகுதான் கப்பாவுக்குப் பயம் வந்தது. "ஐயோ, உளறிவிட்டேன். நீ இப்போது மூன்று தடவை சேர்ந்தாற்போல் குனிந்தால், நிரப்ப நேரமில்லாமல் நான் மயங்கி விழுந்துவிடுவேன். என்னை உருட்டிவிட்டுத் தண்ணீரைக் கொண்டுபோய்விடுவாய்."

உண்மைதான். கிசாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக முதுகு அரித்தது. மூன்றே மூன்று குனிவு. ஆறு ஓடும், நாற்று பிழைக்கும், அம்மா வீட்டில் இருப்பாள்.

அவள் கப்பாவைப் பார்த்தாள். அது பச்சைக் கைகளால் தலைக்குழியைப் பொத்திக்கொண்டிருந்தது.

"மரியாதையை வைத்து ஒருத்தரை அடிப்பதா? எனக்கு வேண்டாம்," என்று எதிரில் உட்கார்ந்தாள். "உனக்கு என்ன வேண்டும், அதைச் சொல்."

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. கப்பா தலையிலிருந்து கைகளை எடுத்தது. "வெள்ளரிக்காய்," என்றது. "வீட்டுக்கு ஒன்று. அப்புறம், யாரும் குனியக் கூடாது."

கிசா ஊர் திரும்பிச் சொன்னதும் சகுபே துடித்துப் போனார். "குனியாமல் எப்படி? எங்கள் முதுகு தானாகவே வளையுமே!"

"அதற்கும் வழி இருக்கிறது," என்றாள் கிசா.

ஏழாம் நாள் கப்பா தண்ணீரோடு இறங்கி வந்தது. கரையில் ஊரே வரிசையாக நின்றது. ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு மூங்கில் கழி, இடுப்புக் கச்சையால் இறுக்கிக் கட்டியிருந்தது. கையில் வெள்ளரிக்காய். நட்டு வைத்த கொம்புகள் போல ஒருவரும் அசையவில்லை. கப்பா விழுந்து விழுந்து சிரித்தது. அதில் தலைத் தண்ணீர் ஒரு சொட்டு சிந்தியது. அது சந்தோஷத்தில் சிந்தியது, விடுங்கள்.

அப்புறம் சகுபே கிசாவிடம் வந்தார். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவர் ஆழமாகக் குனிந்து முகத்தை மறைத்துக்கொள்வார். மூங்கில் விடவில்லை. நேராக நின்று, அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று:

"தப்பு என்னுடையது, அம்மா."

ஆகவே, குறுக்குக் கேள்வி கேட்டவர்களும் கேட்காதவர்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: யாருக்கு மரியாதை செய்ய நினைக்கிறோமோ, அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும்.