சங்கரநயினார் தேடிய வினைச்சொல்

"டீச்சர், எக்ஸானரேட்னு எழுதலாமா, கூடாதா?"

செருப்பைக் கழற்றும் முன்பே சங்கரநயினார் கேட்டுவிட்டார்.

வயது ஐம்பத்தேழு. ஓர் அறக்கட்டளையில் விசாரணை அதிகாரி. தன் ஆங்கிலத்தில் இதுவரை ஒருவரும் பிழை கண்டதில்லை என்பதில் மனிதருக்கு அப்படியொரு கர்வம். ஆனாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால், தன்னைவிட இருபது வயது இளைய ஜெபகனி டீச்சரிடம்தான் வந்து நிற்பார். பாளையங்கோட்டையில் டீச்சர் வீட்டு முன்னறையில்தான் ஆங்கில வகுப்பு.

"யாரப் பத்தி சார் எழுதுதீய?"

"மாடத்தி. எங்க ஹாஸ்டல் சமையல்காரி. பிள்ளைகளுக்கு வயித்தால போச்சுல்லா, அவ சமையல்தான் காரணம்னு நிறுத்தி வச்சிருந்தோம். இப்ப தண்ணித் தொட்டிதான் காரணம்னு லேப் ரிப்போர்ட் வந்துட்டு."

"எப்ப வந்துச்சு?"

"பதினோரு நாளாச்சு. நான் டெல்லி ஹெட் ஆபீசுக்கு இங்கிலீஷ்ல எழுதி அனுப்பினா அவ வேலைக்கு வந்திரலாம். தினமும் காலையில வந்து ஆபீஸ் வாசல்ல நிக்கா. ஊர்ல ஒருத்தரும் அவகிட்ட பேச மாட்டேங்காங்களாம். பாவமாத்தான் இருக்கு. ஆனா அந்த ஒரு வார்த்தை இடிக்கு. அக்விட்னா கோர்ட்டு வாசனை அடிக்கு. கிளியர்னா சப்புனு இருக்கு."

டீச்சர் வாசலைப் பார்த்தார். அங்கே அரைமூட்டை அரிசி கிடந்தது.

"சார், இதக் கொஞ்சம் தலையில வாங்குங்க. உள்ள கொண்டுபோகணும்."

டீச்சரும், கூப்பிட்டதும் வந்த பக்கத்து வீட்டு அக்காவும் ஆளுக்கொரு முனை பிடித்து ஏற்றிவிட்டார்கள். சங்கரநயினார் இரண்டு கையாலும் பிடித்தபடி, அடிமேல் அடி வைத்து சமையலறை வரை போய்விட்டார்.

"இறக்கி விடுங்க டீச்சர். பழைய சாக்கு, கீழ போட்டா பிஞ்சிரும்."

"இந்தா இறக்குதேன்" என்று டீச்சர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எக்ஸானரேட். லத்தீன்ல இருந்து வந்தது சார். ஓனஸ்னா சுமை. எக்ஸ்னா வெளிய. ஒரு காலத்துல கப்பல்ல இருந்து சரக்கு இறக்குததுக்கும் இதத்தான் சொல்லிருக்காங்க."

"சரி டீச்சர், கழுத்து..."

"இப்ப பழியில இருந்து விடுவிக்கதுக்கு மட்டுந்தான். ஃப்ரம் போட்டு எழுதணும். ஆஃப் போடுதவங்களும் உண்டு. எது நல்லாருக்குன்னு நெனைக்கீய?"

காதோரம் வேர்வை வழிந்தது. அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"டீச்சர்!"

"இருங்க சார். இந்த மூட்டைய இறக்குதேன்னு சொல்லவா, எடுக்கேன்னு சொல்லவா, அகற்றுதேன்னு சொல்லவா? சரியான வார்த்தை அமைய வேண்டாமா?"

"எந்த வார்த்தையா இருந்தா என்ன! மொதல்ல ஒரு கை பிடிங்கம்மா!"

கத்திய பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது.

டீச்சர் எழுந்து ஒரு முனையைப் பிடித்தார். மூட்டை தரைக்கு வந்தது.

சங்கரநயினார் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் நின்னேன்?"

"நாலு நிமிஷம்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"உக்காருங்க சார், காப்பி போடுதேன். ஃப்ரமா ஆஃபான்னு இன்னும் முடிக்கலயே."

அவர் அதற்குள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் டீச்சர். அங்க மாடத்தி நின்னுக்கிட்டு இருக்கா."