மன்னரின் விக்கலும் எண்ணச் சாவடியும்

முன்னொரு காலத்தில், ஆற்றின் இந்தக் கரை ஒரு ராஜ்யமாகவும் அந்தக் கரை வேறொரு ராஜ்யமாகவும் இருந்தபோது, இந்தக் கரை ராஜாவுக்கு விக்கல் எடுத்தது. சாதாரண விக்கல்தான். உங்களுக்கும் எனக்கும் வந்தால் ஒரு சொம்பு தண்ணீரோடு போய்விடும். ராஜாவுக்கு வந்ததால் அது ராஜாங்க விவகாரம் ஆகிவிட்டது.

ராஜாவின் பெயர் விசயகேது. மனுஷர் நல்லவர்தான். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதே அவருக்கு வேதம் என்பதுதான் குறை. அந்த அரண்மனையில் கடைசியாகப் பேசும் இடத்தை ராஜவைத்தியர் கருடாத்திரியார் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தார்.

வைத்தியர் ராஜாவைச் சர்க்கரை விழுங்கச் சொன்னார். மூச்சை அடக்கச் சொன்னார். குனிந்தபடி தண்ணீர் குடிக்கச் சொன்னார். அது மூக்கில் ஏறி, விக்கலோடு தும்மலும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"கருடாத்திரியாரே, விக்! உமது வைத்தியத்தால், விக்! எள்ளளவாவது, விக்! பயன் உண்டா?"

வைத்தியருக்கு விக்கலைப் பற்றிக்கூடக் கவலை இல்லை. ஊரில் பெருந்தேவி என்று ஒரு மருத்துவச்சி இருந்தாள். காய்ச்சல் என்றால் ஜனங்கள் அவள் வீட்டுக்குத்தான் ஓடினார்கள். ராஜாவும் அவளைக் கூப்பிட்டுவிட்டால் தன் கதி என்ன? அந்தப் பயத்தில் அவருடைய மூளை என்றும் இல்லாத வேகத்தில் ஓடியது.

"பிரபோ! விக்கல் எதனால் வருகிறது? யாரேனும் நினைத்தால் வருகிறது. இது பச்சைக் குழந்தையும் அறிந்தது. நம் குடிமக்கள் தங்களை அளவோடுதான் நினைக்கிறார்கள். இது அக்கரை ராஜாவின் நினைப்பு. அனுமதி பெறாமல் நம் எல்லைக்குள் நுழைகிறது!"

இதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. அமைச்சர்கள் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார்கள். அன்று மாலையே முரசு அறைந்தார்கள். அயல்நாட்டு எண்ணம் எதுவும் எல்லைக்குள் வரக் கூடாது. நம் நாட்டு எண்ணம் எதுவும் எல்லை தாண்டிப் போகக் கூடாது. மீறியவர் எவராயினும் கையில் விலங்கு. அந்த 'எவராயினும்' என்ற சொல்லைக் கருடாத்திரியாரே பக்கத்தில் நின்று எழுத வைத்தார். யாரை மனதில் வைத்து என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை பெருந்தேவியைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். அவள் அக்கரைக்கு அனுப்பிய ஓலை ஒன்று படகுத்துறையில் பிடிபட்டிருந்தது.

விஷயம் இதுதான். மழைக்காலம் வந்தால் இரண்டு கரையிலும் ஒரு நடுக்கக் காய்ச்சல் பரவும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆளை உலுக்கி எடுக்கும். அதற்கு ஒரு மரப்பட்டைக் கஷாயம் கேட்கும் என்று பெருந்தேவி கண்டுபிடித்திருந்தாள். எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை. இரண்டையும் ஒருத்தியாகச் சோதித்துப் பார்க்க ஆயுசு போதாது. அதனால் அக்கரையில் இருந்த யுனானி வைத்தியர் ஹக்கீம் ஜமாலுதீனும் அவளும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 'எவ்வளவு' என்பதை இவள் பார்த்தாள். 'எப்போது' என்பதை அவர் பார்த்தார். வெள்ளிதோறும் படகில் ஓலை போகும், ஓலை வரும். ஒன்பது வருஷமாக இப்படி நடந்தது.

"மகாராஜா, என் பங்கு முடிஞ்சுபோச்சு. அவர்கிட்ட இருந்து இன்னும் ரெண்டு ஓலை வந்தாப் போதும்" என்று பெருந்தேவி கும்பிட்டாள். "போன மழைக்கு நம்ம கரையில மட்டும் நாப்பத்தொரு பேர் போயிட்டாங்க. அதுல எட்டுப் பேர் கைக்குழந்தைங்க."

கருடாத்திரியார் முந்திக்கொண்டார். "பிரபோ, நம் நாட்டு அளவு அக்கரைக்குப் போகிறது! அவர்கள் முதலில் மருந்தைச் செய்து பெருமையைத் தட்டிக்கொண்டால்?"

ராஜாவின் முகம் சிவந்தது. "நம் நாட்டு மருந்து, விக்! நம் நாட்டில்தான் பிறக்க வேண்டும்! பெருந்தேவி, பத்து நாள் அவகாசம். யாரோடும் பேசாமல், விக்! தனியாகக் கண்டுபிடி. இல்லாவிட்டால் உன் ஓலைகள் அத்தனையும் அடுப்புக்குப் போகும்!"

"காய்ச்சல் கரை பாத்தா வருது, மகாராஜா?" என்று கேட்டாள் பெருந்தேவி. அவளை மூலிகைத் தோட்டத்தில் காவலில் வைத்தார்கள்.

சபையின் ஓரத்தில் ஒரே ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன்தான் விகடகவி உலகளந்தான். பெயர் பெரியது, ஆள் மூன்று முழம். அந்தச் சிரிப்பு கருடாத்திரியாருக்குப் பொறுக்கவில்லை.

"பிரபோ, எல்லையில் எண்ணங்களைத் தடுத்து நிறுத்த ஓர் அதிகாரி வேண்டும். நம் விகடகவியைவிடத் தகுந்தவர் யார்? பத்து நாளில் தங்கள் விக்கல் நிற்காவிட்டால் அவரை நாடு கடத்திவிடலாம்."

"சித்தம் மகாராஜா" என்று உலகளந்தான் தரையைத் தொட்டு வணங்கினான். "சட்டத்தில் ஒரு சொல்லையும் விடாமல் நிறைவேற்றுகிறேன். குறுக்கே யார் வந்தாலும் தடுக்கத் தங்கள் முத்திரை மோதிரம் மட்டும் வேண்டும்."

ராஜா மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

அவன் நேராக மூலிகைத் தோட்டத்துக்குப் போனான். பெருந்தேவி ஒன்பது வருஷத்து ஓலைகளையும் ஒன்பது கட்டாகக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்த நேரத்துலயும் சிரிக்கிறீங்களே அண்ணே!"

"நான் சிரிக்காம இருந்தா ஏதோ திட்டம் வச்சிருக்கேன்னு அந்த வைத்தியர் கண்டுபிடிச்சிடுவாரும்மா" என்றான் அவன். "ஓலைக்கட்டெல்லாம் பத்திரமா வச்சிரு. பத்து நாள் பொறு."

படகுத்துறையில் எண்ணச் சாவடி எழும்பியது. குறுக்கே ஒரு மூங்கில், ஒரு மேஜை, எழுதிக்கொள்ள ஒரு கணக்கர். முதலில் மாட்டியவர் ஓடக்காரர் பேச்சிமுத்து.

"இப்போது என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டான் உலகளந்தான்.

"ஒண்ணுமே நினைக்கல சாமி."

"பொய் சொல்லக் கூடாது."

"இந்தக் குள்ளன் நம்மள எப்ப விடுவான்னு நினைச்சேன் சாமி."

"அதை எந்த இடத்தில் நினைத்தீர்?"

"சாவடி கண்ணுல பட்டப்பவே. நடு ஆத்துல."

கணக்கர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். நடு ஆற்றில் பிறந்த எண்ணம் உள்நாடா, வெளிநாடா? சட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை. உலகளந்தான் படகைத் திருப்பி அனுப்பினான். நம் கரைக்கு வந்து சேர்ந்த பிறகு முதலிலிருந்து நினைக்க வேண்டும் என்று உத்தரவு. பேச்சிமுத்து நான்கு தடவை போய் வந்தார். நான்கு தடவையும் நடு ஆற்றிலேயே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அக்கரையில் பெண் பார்த்துவிட்டு ஒரு மாப்பிள்ளை வந்தான். அந்தப் பெண்ணின் நினைப்பைச் சாவடியில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். பாவம், அவனும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முயன்று பார்த்தான். மூடிய கண்ணுக்குள்ளும் அவள்தான் நின்றாள். எட்டு நாள் மூங்கிலுக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தான்.

ஹக்கீமின் இரண்டு ஓலைகளும் அங்கேதான் வந்து சேர்ந்தன. பெருந்தேவியிடம் கொடுத்தால் அவள் கையில் விலங்கு விழும். உலகளந்தான் அவற்றைப் பறிமுதல் செய்து, முத்திரை வைத்து, தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டான்.

நான்காம் நாள் அவன் அரண்மனைக்குள் புகுந்தான். ராஜாவுக்கு உயிரான அல்வா அக்கரைப் பக்குவம் என்று சமையல்காரர் ஒப்புக்கொண்டார். அல்வாச் சட்டிக்குச் சீல். நீரூற்றைக் கட்டியவர் வடதேசத்துக் கொத்தனார். நீரூற்றுக்கும் சீல். நேரம் காட்டும் நாழிகை வட்டில் எங்கிருந்தோ வந்தது. அதற்கும் சீல் விழுந்ததால் சபை எப்போது கலையும் என்று தெரியாமல் அமைச்சர்கள் நின்றுகொண்டே தூங்கினார்கள்.

அடுத்தது ராஜவைத்தியரின் மருந்துப் பெட்டி.

"இந்தப் பெருங்காயம்?"

"மலைக்கு அப்பாலிருந்து வருவது."

"கிராம்பு?"

"கடல் தாண்டி..."

"சூரணம் இடிக்கும் முறையை யார் சொல்லிக்கொடுத்தார்?"

"என் குருநாதர்."

"அவருக்கு எந்த ஊர்?"

"அக்... அக்..."

"அடடா, விக்கல் தங்களுக்கும் ஒட்டிக்கொண்டதா?"

"அக்கரை" என்றார் வைத்தியர், காற்று மாதிரி ஒரு குரலில். பெட்டிக்குச் சீல் விழுந்தது. ஒரு துண்டு இஞ்சி மட்டும் உள்ளூர் என்று திரும்பக் கிடைத்தது.

ஆறாம் நாள் உலகளந்தான் மகாராணியின் வாசலில் போய் நின்றான். மகாராணி சந்திரவதனி அக்கரை ராஜாவின் மகள்.

"தேவி பிறந்த வீட்டை நினைப்பது உண்டா?"

"தினமும் நினைக்கிறேன். அதற்கென்ன?"

"சட்டப்படி அதை எல்லைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நினைக்க வேண்டும்."

மகாராணி கோபப்படுவாள் என்று எல்லோரும் கதவுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். அவளுக்கோ ஒரே சந்தோஷம். அம்மாவைப் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது. ஒரு நாழிகைக்குள் பல்லக்கு கிளம்பிவிட்டது.

ராஜாவுக்கு இப்போது ராணி இல்லை, அல்வா இல்லை, நீரூற்றுச் சத்தம் இல்லை. விக்கல் மட்டும் பத்திரமாக இருந்தது.

பத்தாம் நாள் சபை கூடியது. முற்றத்தில் பெரிய அடுப்பு மூட்டியிருந்தார்கள். பெருந்தேவி ஒன்பது கட்டுகளையும் நெஞ்சோடு அணைத்தபடி அதன் பக்கத்தில் நின்றாள்.

"உலகளந்தான்! விக்! எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டாய். விக்! இது மட்டும் நிற்கவில்லையே!"

"தண்டியுங்கள் பிரபோ!" என்று துள்ளினார் கருடாத்திரியார்.

"பொறுங்கள் மகாராஜா. ஒரே ஒரு குற்றவாளி மிச்சம். இந்தப் பத்து நாளில் ஆயிரக்கணக்கான எண்ணங்களை எல்லை தாண்டி அனுப்பிய மகா குற்றவாளி. இதே சபையில் இருக்கிறார்."

சபை கிடுகிடுத்தது. ராஜா வாளில் கை வைத்தார். "யார் அந்தத் துரோகி? விக்!"

"இப்போது விக்கல் வந்ததே, உடனே தாங்கள் என்ன நினைத்தீர்கள் மகாராஜா?"

"வேறென்ன? அக்கரை ராஜா என்னை நினைக்கிறான் என்று நினைத்தேன். விக்!"

"அந்த நொடியில் தங்கள் நினைப்பு எங்கே போயிற்று?"

ராஜா யோசித்தார். மெதுவாக அவர் வாய் திறந்தது. "அக்கரைக்கு..."

"மீறியவர் எவராயினும்!" என்று கத்தினான் உலகளந்தான். முத்திரை மோதிரத்தை உயர்த்திக் காட்டிக்கொண்டே சிம்மாசனத்தின் மேல் தாவி ஏறி, ராஜாவின் மணிக்கட்டில் விலங்கைப் படாரென்று மாட்டினான்.

ராஜா விலங்கைப் பார்த்தார். கண்கள் முட்டைபோல விரிந்திருந்தன. எல்லோரும் அடுத்த விக்கலுக்காகக் காத்திருந்தார்கள். ஒன்று, இரண்டு என்று கணக்கர் வாய்க்குள் எண்ணினார். இருபது வரை எண்ணியும் விக்கலைக் காணோம்.

"நின்றுவிட்டது!" என்றார் ராஜா.

"ஆளைத் திடுக்கிட வைத்தால் விக்கல் நிற்கும் மகாராஜா. இந்த வைத்தியத்தை எனக்குச் சொன்னது என் அத்தை. அவளுக்கு யார் சொன்னார்களோ, எந்தக் கரையோ, தெரியாது. அயல்நாட்டு எண்ணமாக இருந்தால் சொல்லுங்கள். அதையும் பறிமுதல் செய்துவிட்டு, தங்கள் விக்கலைத் திருப்பித் தந்துவிடுகிறேன்."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விலங்கு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டம் எழுதிய ஓலையை வாங்கி, அந்த அடுப்பில் அவரே போட்டார்.

உலகளந்தான் இடுப்பிலிருந்து இரண்டு ஓலைகளை எடுத்துப் பெருந்தேவியிடம் நீட்டினான். "பறிமுதல் சரக்கும்மா. சீல் உடையல, பாத்துக்கோ."

அவள் நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தாள். "நடுக்கம் ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு நாழிகை முன்னாடி" என்று வாய்விட்டுச் சொன்னாள். "எப்போதுன்னு அவர் கண்டுபிடிச்சிட்டார். எவ்வளவுன்னு என்கிட்ட இருக்கு. மகாராஜா, இந்த மழைக்குப் பிள்ளைங்க பிழைச்சிரும்!" சொல்லும்போதே அழுதாள்.

ராஜா சிரிப்பை நிறுத்தினார். தலை குனிந்திருந்தது. "என் பெருமைக்காக இதையா எரிக்கப் பார்த்தேன்?" என்றார் மெல்ல. பிறகு உலகளந்தானைப் பார்த்து, "என்ன பரிசு வேண்டுமோ கேள்" என்றார்.

"வெள்ளிக்கிழமைப் படகை இனி யாரும் மறிக்கக் கூடாது மகாராஜா. ஓலையைக் கொண்டுபோய்க் கொண்டுவர, இரண்டு கரையையும் நன்றாக அறிந்த ஒருவரை நியமிக்க வேண்டும்." அவன் கருடாத்திரியாரைப் பார்த்தான். வைத்தியருக்குப் படகு என்றாலே குமட்டும். அந்த வெள்ளியே வாயில் இஞ்சித் துண்டோடு அவர் படகேறினார்.

அந்த மழைக்கும் காய்ச்சல் வந்தது. கஷாயமும் இரண்டு கரையிலும் தயாராக இருந்தது. எமன் கைக்குழந்தை ஒன்றையும் தொடவில்லை.

மழை விட்டதும் மகாராணி திரும்பி வந்தாள். வந்ததும் வராததுமாக, "என் அப்பாவுக்கு மூன்று நாளாக விக்கல்!" என்றாள். "இக்கரையிலிருந்து தாங்கள்தான் நினைக்கிறீர்கள் என்று அங்கே வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஏதோ சட்டம்கூட எழுதப் போகிறார்களாம்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்து மூக்கில் வந்து நின்றது. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உலகளந்தானுக்குப் போட்டு, அந்தப் பழைய விலங்கையும் அவன் கையில் கொடுத்தார்.

"என் மாமனாருக்கு நம் நாட்டு மருந்தை உடனே கொண்டு போ!"

"ஆகட்டும் மகாராஜா" என்றான் உலகளந்தான். "எவ்வளவு என்று நமக்குத் தெரியும். எப்போது மாட்டுவது என்று மட்டும் ஹக்கீமைக் கேட்டுக்கொள்கிறேன்."