வாசலில் வாங்கிய கையெழுத்து

இந்தக் கதையில் மூன்று பேர் வருகிறார்கள், மூவருமே நல்லவர்கள். அப்படியிருந்தும் அவர்கள் நடுவில் ஒருத்திக்கு அநியாயம் நடந்துவிட்டது. எப்படி என்று கேளுங்கள்.

ஜெசிந்தாவுக்கு இரண்டாவது பிரசவம். முதல் பெண்ணையும் ஆபரேஷன் செய்துதான் எடுத்திருந்தார்கள். இம்முறை எட்டாம் மாதமே வலி வந்துவிட, ஒரு செவ்வாய்க்கிழமை காலை தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும், வலி தெரியாது, இழுப்பது தெரியும். முகத்துக்கு நேரே பச்சைத் துணித் திரை. தலைமாட்டில் நர்ஸ் தெரஸ்.

"வயித்துக்குள்ள யாரோ துணி துவைக்கிற மாதிரி இருக்கு சிஸ்டர்."

"நீ பேசுற பேச்சுக்கு வாய்க்கும் சேர்த்து ஊசி போட்டிருக்கணும்" என்றாள் தெரஸ். ஜெசிந்தா சிரித்தாள்.

பையன் பிறந்தான். ஒன்றே முக்கால் கிலோ. முகத்தைக் காட்டிவிட்டு உடனே கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் மங்கையர்க்கரசியின் கை நின்றது. கருப்பையின் பழைய தையல் காகிதமாக மெலிந்திருந்தது. இன்னொரு குழந்தை உண்டானால் அது கிழியலாம், தாயின் உயிரே போகலாம். அப்படி ஒருத்தியைத் தன் கையிலேயே பறிகொடுத்தவர் அவர். தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லி உதவி டாக்டரை வாசலுக்கு அனுப்பினார். வாசலில் நின்ற கணவன் அமலதாஸ், உயிர் என்ற சொல்லைக் கேட்டதுமே காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். கருக்குழாயைக் கட்டிவிட்டு வயிற்றைத் தைத்தார்கள். தெரஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வார்டில் அமலதாஸ் தெரஸைத் தனியே கூப்பிட்டான். "இப்ப அவளுக்குத் தெரிஞ்சா பால் வத்திப்போகும் சிஸ்டர். பெட்டியில கிடக்கிறவனுக்கு அதுதான் மருந்துன்னு நீங்கதான சொன்னீங்க. அவன் வெளிய வரட்டும், நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

அதுவரை சொல்வதில்லை என்று தெரஸ் வாக்குக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் மதியம், சங்கில் பாலைப் பீய்ச்சிக்கொண்டே ஜெசிந்தா கேட்டாள்: "அடுத்த பிள்ளைக்கு எத்தனை வருஷம் இடைவெளி விடணும் சிஸ்டர்?"

"டாக்டர்ட்ட கேளும்மா."

"கேட்டேனே. உங்க வீட்டுக்காரர்ட்ட பேசியாச்சுங்கிறாங்க. அவர்ட்ட கேட்டா மழுப்புறாரு. என் வயிறுதான சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க."

தெரஸ் சொல்லிவிட்டாள்.

ஜெசிந்தா அழவில்லை. சங்கைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று மாலை அவளுக்குப் பால் சொட்டுக்கூட வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"என் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது உங்களாலதான்" என்றான் அமலதாஸ்.

"அவளை உயிரோட வீட்டுக்கு அனுப்புறேன். அதுக்கு மேல என்ன செய்யணும் நான்?" என்றார் டாக்டர்.

"அவ கேட்டா. நான் சொன்னேன்" என்றாள் தெரஸ்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வரப்போகும் ஆபத்தைத் தடுத்த டாக்டர், மனைவிக்காகவும் மகனுக்காகவும் பயந்த கணவன், கொடுத்த வாக்கை மீறிய நர்ஸ்: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: தெரஸ் சொன்னது சரி, ஆனால் ஐந்து நாள் தாமதம். ஆபத்து அடுத்த கர்ப்பத்தில்தான் இருந்தது, அந்த மேஜையில் இல்லை. அதனால் கட்டாமல் தைத்துவிட்டு, பிறகு நிதானமாகக் கேட்டிருக்கலாம். அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜெசிந்தா விழித்துத்தான் இருந்தாள். வாசல்வரை ஆள் அனுப்பினார்களே தவிர, திரைக்கு மேலாக எட்டிப் பார்த்து அவளிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை, தலைமாட்டிலேயே நின்ற தெரஸுக்கும்கூட. அமலதாஸின் பயம் உண்மைதான். ஆனால் அவன் பயத்துக்காக அவள் உடம்பில் கைவைக்க முடியாது. கேட்டிருந்தால் அவளே சரி என்று சொல்லியிருப்பாளோ என்னவோ. அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, அவளுக்கும்.