கரூர் கொசுவலையும் தொள்ளாயிரம் லிங்க்கும்

நம்ம பேக்கரிக்கு தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நாச்சிமுத்து வந்திருவாரு. கரூர்ல பாதிக் கடைக்கு வெப்சைட் போட்டுக் குடுத்ததே தான்தான்னு சொல்லுவாரு. மீதிப் பாதியும் தான்தான்னு ரெண்டாவது டீக்குச் சொல்லுவாரு.

அன்னிக்கு ரிட்டயர்டு லைன்மேன் ரத்தினசபாபதி ஐயா தேங்காபன்னைப் பிச்சுக்கிட்டே கேட்டாரு. "ஏப்பா, லிங்க்கு லிங்க்குங்கறியே, அதென்ன?"

"அடுத்தவன் வெப்சைட்ல நம்ம கடைப் பேரை மாட்டி வெக்கறதுங்க. தட்டினா ஆளு நேரா நம்ம கடையில வந்து விழுவான். அப்படி நாலு எடத்துல பேரு இருந்தா, யாராவது நெட்டுல தேடறப்ப நாமதான் முதல் பக்கத்துல வருவோம். மத்தவன் பத்து மாட்டுவான், இருவது மாட்டுவான். பூங்கோதை அக்கா கொசுவலைக் கடைக்கு நான் ஒரே மத்தியானத்துல தொள்ளாயிரம் மாட்டினேன்!"

அந்த நேரம் பார்த்து பூங்கோதை அக்காவே உள்ள வந்து, அவரு முதுகுக்குப் பின்னாடி பெஞ்சுல உக்காந்தாங்க. மூணு மாசம் முன்னாடி இந்த வேலையை இவருகிட்டக் குடுத்தது அவங்கதான். என்னைப் பார்த்து, பேசாம இருங்கற மாதிரி கையைக் காட்டினாங்க. நான் டீயை ஆத்த ஆரம்பிச்சேன்.

"தொள்ளாயிரமும் எங்கப்பா மாட்டுனே?"

"எங்க மாட்டலைன்னு கேளுங்க! தென் துருவத்துல ஒரு ஆராய்ச்சிக் கூடம், அதுல ஒண்ணு."

"அங்க கொசு ஏதுப்பா? வெறும் பனியாச்சே."

"இல்லதான். ஆனா லிங்க்கைப் பார்த்த வேகத்துல அறுவது வலை வாங்கிப்போட்டாங்க. வாங்கின வலை வீணாப் போகுதேன்னு மனசு கேக்காம, அப்புறமா கப்பல்ல ரெண்டு டப்பா கொசுவும் வரவழைச்சாங்க."

ஐயாவுக்கு பன்னு தொண்டையில நின்னுக்கிச்சு. நாச்சிமுத்து தண்ணி டம்ளரை நகத்தி வெச்சுட்டு விட்ட எடத்துல இருந்து புடிச்சாரு.

"பிரேசில்ல ஒருத்தன் கல்யாணத்துக்குப் பொண்ணு தேடறான். வருது பாருங்க, கரூர் கொசுவலை, இரட்டைக் கட்டில் சைஸு! வாங்கிட்டான். வலையே வாங்கி வெச்சிருக்கற மாப்பிள்ளை பொறுப்பானவனாத்தான் இருப்பான்னு உடனே பொண்ணு குடுத்துட்டாங்க."

"ம்."

"அதை விடுங்க. போன மாசம் அந்தத் தேடற கம்பெனி ஹெட் ஆபீஸ்லருந்தே போனு. 'சார், யாரு எதைத் தேடினாலும் கொசுவலைதான் வருது. எங்க முதலாளி வீட்டுச் சாவியைத் தேடினாரு, அதுக்கும் கொசுவலை வந்திருச்சு. ஒரு வாரம் ரெண்டாம் பக்கத்துக்குப் போயி இருங்க சார், மத்தவங்களும் பொழைக்கட்டும்'னான்."

"இங்கிலீஷ்லயா பேசுனான்?"

"மொதல்ல இங்கிலீஷ்தான். அழுகை வந்ததுக்கப்புறம் தமிழுக்கு வந்துட்டான்."

"தம்பி"ன்னாங்க பூங்கோதை அக்கா.

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தாரு. டீ கிளாஸ் வாய்க்குப் பக்கத்துலயே நின்னுபோச்சு.

"நீ மாட்டறதுக்கு முன்னாடி நான் மூணாம் பக்கத்துல இருந்தேன் தம்பி. இப்ப முப்பது பக்கம் தேடிட்டேன், காணோம். கடைப் பேரை முழுசா அடிச்சாலும் வரமாட்டீங்குது. வெளியூரு ஆஸ்பத்திரி, ஹாஸ்டல்னு ஆர்டரெல்லாம் அதுலதான் வந்துக்கிட்டிருந்துச்சு. தைக்கற பொம்பளைங்க எட்டுப் பேரும் ரெண்டு வாரமா மெஷினைத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. வெவரம் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி பார்த்துட்டுச் சொல்றா, நீ மாட்டுனதெல்லாம் சீட்டாட்ட சைட்டும் ஆளில்லாத குப்பை சைட்டுமாம். திருட்டு வேலைன்னு அந்தத் தேடற கம்பெனி கண்டுபுடிச்சு நம்மளைத் தூக்கி வெளிய போட்டிருச்சாம்."

சத்தம் போட்டுச் சொல்லல. நாச்சிமுத்து மொகம் ஒரு நிமிஷம் செத்துத்தான் போச்சு. அப்புறம் மெதுவா உசுரு வந்துச்சு.

"அக்கா, நீங்க கீழ தேடியிருக்கீங்க. முதல் பக்கத்துக்கும் முன்னாடி ஒரு பக்கம் இருக்குதுங்க. அதுல நீங்க மட்டுந்தான் இருக்கீங்க. சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது."

"அப்படியா? அப்ப அந்தப் பக்கத்துலயே எட்டுப் பேருக்கும் வேலை வாங்கிக் குடு. இல்லாட்டி எந்திரி. மாட்டுன கையாலயே ஒவ்வொண்ணாக் கழட்டு."

எந்திரிச்சுப் போனாரு. பாதி டீ அப்படியே கெடந்துச்சு.

அடுத்த வாரம் டீ குடுக்கறதுக்காக அக்கா கடைக்குப் போனேன். மூலையில கம்ப்யூட்டர் முன்னாடி நாச்சிமுத்து. ஒவ்வொரு சைட்டுக்காரனுக்கும், எங்க பேரை எடுத்துருங்கன்னு கெஞ்சிக் கடுதாசி அடிச்சுக்கிட்டிருந்தாரு. என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் திருப்பினாரு.

"வாப்பா. இப்ப நான் மாட்டறதை விட்டுட்டேன், கழட்டற வேலை மட்டுந்தான். உலகத்துலயே இதுக்கு ஆளு கெடையாது. நேத்து ஒண்ணு கழட்டினேன் பாரு, சைனாவுல பாதி ஊருக்கு லைட்டு அணைஞ்சுபோச்சு!"

அக்கா துணியை வெட்டிக்கிட்டிருந்தவங்க தலையைக்கூடத் தூக்கல.

"இன்னும் எண்ணூத்தி அறுவது இருக்குது தம்பி."